கஞ்சி போட்ட துண்டு

அந்தச் சபையில் எப்போதும் கடைசி பெஞ்சுக்குத்தான் போட்டி. முதல் பெஞ்சில் பாஸ்டரின் மனைவியும் காது கேட்காத ஒரு பெரியவரும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். ஆனால் கடைசி பெஞ்சின் சுவரோர மூலையைப் பிடிக்க இரண்டு பேர் பாட்டு தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிடுவார்கள். ஒருவர் லாண்டரிக்காரர், இன்னொருவர் டெய்லர். இருவரும் சபை மூப்பர்கள். இருவரும் தாழ்மைக்குப் பேர் போனவர்கள். மூலையில் ஒரு ஆள்தான் உட்காரலாம். முந்திப் பிடித்தவர் அன்றைக்கு உலகத்திலேயே சிறியவர். பிந்தியவர் ஏதோ பெருமைக்காரர் மாதிரி அவருக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்த வயிற்றெரிச்சல் ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை அடங்காது.

சபை விருந்துகளில் இன்னும் மோசம். "நீங்க முன்னால போங்க" என்று இவர் ஒரு அடி பின்னால் வைப்பார். "அய்யோ, நான் எம்மாத்திரம், நீங்க போங்க" என்று அவர் இரண்டு அடி வைப்பார். ஒருமுறை இப்படியே மாறி மாறிப் பின்வாங்கி, கதவைத் தாண்டி, படியிறங்கி, இரண்டு பேரும் தெருவுக்கே போய்விட்டார்கள். உள்ளே ரொட்டி தீர்ந்து, சூப்புப் பானையையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அன்று இருவரும் பட்டினியாக, ஆனால் மிகுந்த திருப்தியுடன் வீடு திரும்பினார்கள்.

லாண்டரிக்காரருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நீராவி, அந்தப் பக்கம் டீ ஆவி. காலையில் மெஷினில் துணி சுற்ற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை வீடே உறுமிக்கொண்டிருக்கும். வருகிற துணி ஒவ்வொன்றிலும் யாருடையது என்று அட்டை வைத்துக் குண்டூசி குத்துவது அவர் வேலை. இஸ்திரிப் பெட்டி போட்டு, மடித்து, ஹேங்கரில் மாட்டுவது அவர் மனைவியின் வேலை. வாடிக்கையாளர் யாராவது "சட்டை புதுசு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். அவர் தலை குனிந்து, "நான் யாரு? தூசி. எல்லாம் ஆண்டவர்" என்பார். பெட்டி போட்டுக்கொண்டிருப்பவள் திரைக்குப் பின்னால் இருந்து, "தூசி இல்லாத இடத்துல அந்தச் சட்டைய மாட்டுங்க" என்பாள்.

அவள் வாயாடி. சபையில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். எல்லோரும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கூரை அதிரச் சொல்லும்போது இவள் உதடு மட்டும் அசையும். "உரக்கச் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்று அவர் கேட்டால், "எனக்குத் தோணும்போது சொல்றேன். கடன் மாதிரி சொல்லக் கூடாது" என்பாள்.

பெரிய வியாழனன்று அந்தச் சபையில் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். அது தாழ்மையைக் கற்றுக்கொள்ளும் ஆராதனை என்பதால் எல்லோரும் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் எண்ணெய் தடவி, அழுக்குக் காலோடு யாரும் தன்னைப் பார்த்துவிடாதபடி தயாராகித்தான் வருவார்கள். கால் துடைக்கும் துண்டுகளைத் துவைத்துக் கொடுப்பது லாண்டரிக்காரரின் ஊழியம். காசு வாங்க மாட்டார். ஆண்டவருக்குத் தொளதொளவென்று துணி கொடுப்பதா என்று எல்லாத் துண்டுக்கும் கெட்டியாகக் கஞ்சி போட்டு, பலகை மாதிரி விறைக்கப் பெட்டி போட்டு அடுக்கிவிடுவார். பார்க்கக் கண் கொள்ளாது. காலில் வைத்தால் தாமரை இலைத் தண்ணீர்தான்; ஒரு சொட்டு ஒட்டாது. வருஷா வருஷம் எல்லோரும் துண்டால் துடைப்பது போல் பாவனை செய்துவிட்டு, ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு, "மூப்பரோட துண்டு மாதிரி வருமா!" என்று சொல்லிப் போவார்கள். வாய்விட்டு உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

அவர் எல்லோருக்கும் கழுவுவார். தன் முறை வந்ததும், "அழுக்குத் தண்ணியைக் கொட்டிட்டு வரேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். தன் காலை ஒருவர் தொடுவதற்குத் தான் பாத்திரன் அல்ல என்பது அவர் கட்சி. இந்தச் செய்தி பரவியதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டார், நடந்தார், ஜெபித்தார். மறுபடி ரத்தம் சோதித்தபோது நன்றாகக் குறைந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்று, ஜெபத்தினால் சர்க்கரை ஓடிப்போனதென்று சாட்சி சொன்னார். சொல்லும்போது சுருக்கம் கருதி மாத்திரையை விட்டுவிட்டார். சொன்ன பிறகு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று நிஜத்திலும் விட்டுவிட்டார். ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது, நாலு பேர் பார்க்க இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குவார். அந்த ஸ்பூன் சத்தமே ஒரு சாட்சி.

டெய்லர் மட்டும் யாரிடமோ, "சாட்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஆண்டவரவிட அண்ணன் கொஞ்சம் அதிகமா வந்துட்டாரு" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் "ஸ்தோத்திரம்" தவிர வேறு பேச்சு இல்லை. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள்.

பெரிய வியாழன் வருகிற வாரம், தரை துடைத்துக் காய்ந்த கொஞ்ச நேரத்தில், கடையில் அங்கங்கே சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார் லாண்டரிக்காரர். "யாருக்கோ கால்ல வெட்டியிருக்கு, பாக்காம வந்து மிதிச்சிட்டுப் போறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பொட்டுகளைத் தொடர்ந்து போனார். பொட்டுகள் மேஜையைச் சுற்றின, மெஷினைச் சுற்றின, கடைசியில் அவர் நின்ற இடத்திலேயே வந்து நின்றன. செருப்பைக் கழற்றினார். அட்டை குத்துகிற குண்டூசி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் தலைவரை ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ, சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. பிடித்து இழுத்தார். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பஞ்சு வைத்து, சாக்ஸ் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் புதுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பாக்கெட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. டெய்லர் தைத்தது.

"இங்க வா, வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "பாக்கெட் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிருச்சு. நம்ம ஆளு தைச்ச தையலா இது? பெருமை மனுஷன் கண்ணை எப்படி மறைக்குது பாத்தியா? அவருக்காக ஜெபிக்கணும்."

"ஜெபிங்க. ஆனா இவ்வளவு சந்தோஷமா ஜெபிக்காதீங்க" என்றாள் அவள். "பாவம், உடம்பு சரியில்ல போல. காலையிலேர்ந்து பாக்கறேன், பக்கத்துல அவரு கடை வாசல்ல நின்னு பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிக்கறாரு."

"தையல் சரியில்லன்னா தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்."

அவள் சட்டையை வாங்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, இந்த நீராவியில எதுக்கு சாக்ஸ்?"

"குளிருது."

"பனியன் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. காலுக்கு மட்டும் தனியாக் குளிருதா?"

"நீ போய் வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைத்தான் பார்த்தாள். கொல்லைப்புறக் கொடியில் துணி போடப் போனவள் ஒற்றைச் சாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பிழிந்து உதறி ஒழுங்காகக் காயப்போட்டிருந்தது.

"இதைத் துவைச்சது யாரு?"

"நான்தான்."

"நீங்க?" அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஊர்ல உள்ள துணியெல்லாம் இந்த வீட்டுல வெளுக்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க கைக்குட்டைய நீங்க அலசி நான் பாத்ததில்ல. இன்னைக்குச் சாக்ஸ். அதுவும் ஒரு காலு. யாரைக் கொன்னுட்டு வந்தீங்க?"

"தன் வேலையைத் தானே செய்யறது தாழ்மை."

"அப்ப ரெண்டு சாக்ஸையும் துவைச்சிருப்பீங்க. காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"காட்டறீங்களா, நான் கடைய மூடிட்டுத் தெருவுல நின்னு கத்தட்டுமா?"

காட்டினார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் குதிகாலைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷின் ஒரு சுற்று முடிந்து நின்றது. வீடு திடீரென்று அமைதியானது.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

"கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"வியாழக்கிழமை கழியட்டும். இப்ப கட்டுப் போட்டுக்கிட்டுப் போனா எல்லாரும் கேப்பாங்க. கேட்டா சர்க்கரைம்பாங்க. என் சாட்சி என்னத்துக்கு ஆகும்? ஆண்டவர் பேருதான கெட்டுப்போகும்?"

"ஆண்டவர் பேரு உங்க குதிகால்லயா இருக்கு?" என்றாள். "வேற எங்கயும் எடம் கெடைக்கலையா அவருக்கு? இங்க பாருங்க. மாத்திரையைக் கண்டுபிடிக்கிற மூளைய அவர்தான் ஒருத்தனுக்குக் குடுத்தாரு. அதை வேண்டாம்னு தள்ளிட்டு, வேற ரூட்ல வாங்கன்னு நீங்க அவருக்கு வழி சொல்றீங்க. நீங்களா தூசி?"

அவர் காலை அவள் மடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆஸ்பத்திரி. அன்னைக்கும் சாக்குச் சொன்னீங்கன்னா, நானே எழுந்து சாட்சி சொல்லுவேன். வாயே தெறக்காதவ தெறந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தார். குதிகாலைவிட அது அதிகமாக வலித்தது.

துண்டுகளை வாங்க வந்த பாஸ்டர் அடுத்த இடியைப் போட்டார். வயதில் சின்னவர், ஊருக்குப் புதுசு, சிரித்துக்கொண்டே கத்தி வைப்பவர்.

"அண்ணே, இந்த வருஷம் சீட்டுப் போட்டு ஜோடி சேர்த்துட்டோம். ஒருத்தருக்கு ஒருத்தர்."

"ரொம்ப நல்லது பாஸ்டர். நான் வழக்கம் போல எல்லாருக்கும் கழுவிட்டு..."

"வழக்கம் போல வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. இந்த வருஷம் தண்ணி நான் கொட்டறேன்."

"நான் யாரு பாஸ்டர்? தூசி. என் காலை ஒருத்தர் தொடறதாவது!"

"தூசின்னாத்தானேண்ணே கழுவணும்?" என்றார் பாஸ்டர். "இயேசு கால் கழுவ வந்தப்ப பேதுருவும் மாட்டேன்னுதான் சொன்னாரு. ஆனா ஒரு தடவைதான் சொன்னாரு. நீங்க வருஷா வருஷம் சொல்றீங்க."

"யாரு எனக்கு ஜோடி?"

"டெய்லரண்ணன்."

திரைக்குப் பின்னால் பெட்டி 'டொக்'கென்று மேஜையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் சபையில் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பேசின், ஒரு குவளை, ஒரு துண்டு. துண்டுகள் நாற்காலி முதுகில் வளையாமல் நின்றன. லாண்டரிக்காரர் சுற்றிலும் பார்த்தார். பின்வாசலில் பாஸ்டர் வாளியும் கையுமாக நின்று புன்னகைத்தார்.

முதலில் இவர் மண்டியிட்டு டெய்லரின் காலைக் கழுவினார். தையல் மெஷின் மிதித்து மிதித்து வலது பாதம் மட்டும் அகன்று, பெருவிரலடியில் தோல் காய்த்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். இந்தக் காலை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கடவுளே, இந்த ஆள் என் குதிகாலைப் பார்த்துவிட்டு நாளைக்கு ஊரெல்லாம் தைத்துக் கொடுத்துவிடுவானே என்று நினைத்துக்கொண்டே கழுவி முடித்தார்.

இடம் மாறினார்கள். டெய்லர் முழங்காலில் உட்கார்ந்தார். சாக்ஸை மெல்லக் கழற்றினார். லாண்டரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். டெய்லர் குனிந்து, காலுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, நகத்தால் குதிகாலில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாக்ஸ் நூல் ஏதோ ஒட்டியிருக்கு போல. எடுக்க வரமாட்டேங்குது."

அது நூல் இல்லை; புண்ணின் ஓரத்தில் உரிந்து நின்ற தோல். ஆனால் டெய்லர் கண்ணில் அது நூலாகத்தான் தெரிந்தது.

லாண்டரிக்காரருக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம்! இந்த ஆளுக்குத் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு, சாக்ஸை மாட்டிக்கொண்டு, மூலை பெஞ்சுக்குப் போய்விட வேண்டியதுதான். ஸ்தோத்திரம்!

"நூல்தான். விடுங்க, ஊத்துங்க" என்றார்.

டெய்லர் குவளையைத் தேடினார். பக்கத்திலேயே இருந்த குவளைக்குக் கை ஒரு சாண் தள்ளிப் போய்த் துழாவியது.

"கண்ணுல என்ன?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டார் லாண்டரிக்காரர்.

டெய்லர் தலையை நிமிர்த்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. எனக்கும் சுகர் உண்டு. நீங்க சாட்சி சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரியே மாத்திரைய எல்லாம் குப்பையில போட்டுட்டேன். வெளிய உங்களப் பத்திக் கிண்டலாப் பேசினேன், வாஸ்தவம். பொறாமைதான். உள்ளுக்குள்ள நம்பிட்டேன். ஆனா உங்களுக்குக் கெடைச்சது எனக்குக் கெடைக்கல. இப்ப எல்லாம் மசமசன்னு தெரியுது. ஊசியில நூல் கோக்க முடியல. உங்க விசுவாசம் எனக்கு இல்லண்ணே, அவ்வளவுதான். எனக்காக ஜெபிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு, காலைக் கழுவக் குவளையைச் சாய்க்கப் போனார்.

"ஊத்தாதீங்க" என்றார் லாண்டரிக்காரர்.

அவர் எழுந்து நின்றார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். கழுவும்போது எல்லோரும் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். நிற்கும்போதே பழைய பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போய்விட்டது, குரல் தழுதழுத்துவிட்டது.

"அன்பான சகோதர சகோதரிகளே, தூசியிலும் தூசியாகிய அடியேன், பாவிகளில் பிரதானமான..."

"என்னங்க!" பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தச் சபையில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. "பிரதானமெல்லாம் வேண்டாம். விஷயத்தச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி மூடிருவாங்க."

அவர் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார்.

"எனக்கு சுகர் இருக்கு" என்றார். "போகவே இல்ல. மாத்திரை சாப்பிட்டுத்தான் குறைஞ்சுது. அத உங்ககிட்ட மறைச்சிட்டேன். அப்புறம் மாத்திரைய விட்டேன். இப்ப கால்ல புண்ணு. வலிகூடத் தெரியல." டெய்லரைப் பார்க்காமல் சொன்னார்: "என் பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய விட்டிருந்தீங்கன்னா, அவங்க விசுவாசம் கம்மி இல்ல. நான் சொன்னது பொய். தயவுசெஞ்சு இன்னைக்கே போய் டாக்டரப் பாருங்க."

வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தார். முதல் பெஞ்சில் காது கேட்காத பெரியவர் பக்கத்தில் திரும்பி, "என்னவாம்?" என்று கத்தினார்.

"சுகராம்!" என்று பாஸ்டரின் மனைவி அவர் காதில் சொன்னாள்.

"சுகரா? அது யாருக்குத்தான் இல்ல! அவர உக்காரச் சொல்லு, பாட்டைப் பாடுங்க!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலரும் சிரித்தார்கள். ஒரு வருஷமாகத் தலையில் சுமந்து திரிந்த மலையை இவ்வளவு லேசாக இறக்கிவைத்துவிட முடியும் என்று லாண்டரிக்காரருக்குத் தெரியாது. தன் பாவம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சட்டென்று அந்த நினைப்பையும் பிடித்து, அதற்கும் வெட்கப்பட்டார்.

"உக்காருங்கண்ணே" என்றார் டெய்லர். அவர் கண்ணில் ஈரம். "இன்னொரு கால் பாக்கி இருக்கு."

உட்கார்ந்தார். நல்ல காலை நீட்டினார். டெய்லர் தடவித் தடவிக் கழுவினார். விரலிடுக்கில் தண்ணீர் ஓடியபோது லாண்டரிக்காரருக்கு உடம்பு கூசியது; காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இழுக்கவில்லை. மற்றவர் காலைக் கழுவுவது எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

டெய்லர் துண்டை எடுத்தார். துடைத்தார். மறுபடி துடைத்தார். தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனதே ஒழிய, காலை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க டெய்லரே."

"தொடைக்கிற துண்டுக்கு எதுக்கு கஞ்சி?"

"பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஈரந்தான் போகல."

லாண்டரிக்காரரின் மனைவி கூடையோடு வந்து நின்றாள். உள்ளிருந்து நைந்து நூலாய்ப் போன ஒரு வீட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். துணியைத் தொட்டதும் டெய்லரின் விரல்களுக்குக் கண் வந்துவிட்டது. புண்ணை அழுத்தாமல், சுருக்கம் விழாமல், குதிகாலைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"ஒருத்தருக்குக் காலு, ஒருத்தருக்குக் கண்ணு" என்றாள் அவள். "ரெண்டு பேரையும் சேத்துத் தைச்சா ஒரு முழு ஆளு தேறும். ஏறுங்க வண்டியில. டெய்லரண்ணே, நீங்களும்தான். என்ன பாக்கறீங்க? நீங்க குடிக்கிற தண்ணியப் பாத்தே எனக்குத் தெரியும்."

லாண்டரி வண்டியைப் பாஸ்டர் ஓட்டினார். பின்னால் ஹேங்கர்களுக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவில் இரண்டு மூப்பர்களும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வளைவு வரும்போதெல்லாம் யாருடைய கோட்டோ வந்து அவர்கள் முகத்தில் அறைந்தது. பாதி வழியில் டெய்லர், "அந்தப் பாக்கெட் சட்டை உங்ககிட்டயா வந்துச்சு?" என்று கேட்டார். "வந்துச்சு." "ரொம்பக் கோணலா?" "கொஞ்சமா. பெட்டி போட்டுச் சரி பண்ணிட்டேன்." பெட்டி போட்டுச் சரிசெய்யக்கூடிய கோணல் இல்லை அது. இருவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திரையை விலக்கி, "யாரு முதல்ல?" என்று கேட்டாள்.

"டெய்லர் போகட்டும், கண்ணு முக்கியம்" என்றார் இவர், ஒரு அடி பின்னால் வைத்து.

"சேச்சே, அண்ணன் போகட்டும். நான் எம்மாத்திரம்" என்றார் அவர், இரண்டு அடி வைத்து.

இருவர் முதுகும் ஒரே நேரத்தில் எதிலோ இடித்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றிருந்தாள் அவள்.

"இதுக்கு மேல பின்னால எடமில்ல" என்றாள். "யாரும் தெருவுக்குப் போக முடியாது."

லாண்டரிக்காரர் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் ஏதோ ஒரு திசையில், கிட்டத்தட்ட அவரைப் பார்த்தார்.

"நான் முதல்ல போறேன்" என்றார் லாண்டரிக்காரர். வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. சொன்னதும் காது மடல் சூடாகியது.

உள்ளே போய்ப் படுத்துக் காலை நீட்டினார். நர்ஸ் மண்டியிட்டு, துண்டைப் பிரித்து, பேசினைக் காலடியில் வைத்தாள். 'நான் யாரு' என்று அவர் வாய் தொடங்கிவிட்டது. மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் எரியும் ஐயா" என்றாள் நர்ஸ்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஊத்து."

அவள் ஊற்றினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஊற்றி, பஞ்சை உள்ளே விட்டு ஓரத்தை அழுத்தித் துடைத்தாள். எங்கேயோ தூரத்தில், வேறு யாருடைய காலிலோ போல, ஒரு பொறி விழுந்தது.

"ஸ்ஸ்ஸ்... அம்மா! எரியுது!" என்று கத்திவிட்டார் மூப்பர்.

திரைக்கு வெளியே, வாசலை அடைத்து நின்ற இடத்திலிருந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண் குரல் சொன்னது:

"ஸ்தோத்திரம்!"